எரிவெள்ளியா, வால்வெள்ளியா, சிறுகோளா?

இரவில் ஓர் ஒளி வானத்தைக் கீறிக்கொண்டு மறைந்தால் "நட்சத்திரம் விழுகிறது" என்கிறோம். சிலர் அதையே வால்வெள்ளி என்பர். செல்லுக்கும் வெளிச்சக் குண்டுக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு வானில் தோன்றும் எந்தப் புது ஒளியும் நெஞ்சைத் திடுக்கிட வைக்கும்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். ஓரிரு நொடிகளில் முடிந்தால் அது எரிவெள்ளி. மணல்மணி அளவான துணிக்கையொன்று பெருவேகத்துடன் காற்று மண்டலத்துள் புகுந்து, ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிகிறது. நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை.

வால்வெள்ளி அப்படி ஓடாது. நேற்று நின்ற இடத்துக்கு அருகிலேயே இன்றும் நிற்கும், வாரக்கணக்கில் தெரியும். 1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்தவர்களுள் பலர் 1997 பங்குனி, சித்திரையில் மாலை வானில் ஹேல்-பொப் வால்வெள்ளியைக் கண்டிருப்பர். வால்வெள்ளி பனிக்கட்டியும் தூசும் சேர்ந்த கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வாலாக நீள்கிறது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே இருக்கும். வால்வெள்ளி தோன்றினால் யுத்தம் வரும் என்று முன்னோர் பயந்ததுண்டு. ஹலியின் வால்வெள்ளி 1910இலும் 1986இலும் வந்தது, 2061இல் மீண்டும் வரும். யுத்தங்களோ அதற்காகக் காத்திருந்ததில்லை.

மணல் ஏற்றிய உழவு இயந்திரம் போன வீதியில் மணல் சிந்திக் கிடக்குமல்லவா? வால்வெள்ளியும் தன் பாதையில் தூசியைச் சிந்திச் செல்கிறது. பூமி ஆண்டுதோறும் அதே நாட்களில் அப்பாதையைக் கடக்கும்போது எரிவெள்ளிகள் மிகுதியாகத் தெரியும். ஹலி சிந்திய தூசியை மே 6ஆந் திகதியை ஒட்டி, விடியுமுன் கிழக்கு வானில் பார்க்கலாம். அரியாலை கிழக்கில், கடனீரேரிக் கரையில் நின்றால் மறைப்பு ஏதுமில்லை.

சிறுகோள் பெரும்பாலும் கல்லும் உலோகமும் ஆனது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலேயே மிகுதி. வெறுங்கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தொலைநோக்கியிலும் நட்சத்திரம் போன்ற புள்ளிதான். அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறும் புள்ளி எதுவென்று பார்த்தே கண்டுபிடிப்பர். 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து நோர்மன் பொக்சன் இப்படிக் கண்ட சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது சிறுகோள் அது. 1988இல் தமிழ்நாட்டின் காவலூரில் கண்ட ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. பெயர்கள் மாறுவதும் உண்டு. 1801இல் கண்ட சீரிஸ் முதலில் கோள் எனப்பட்டது, பிறகு சிறுகோள் ஆயிற்று, 2006 முதல் புளூட்டோவுடன் சேர்த்துக் குறுங்கோள் எனப்படுகிறது.

எரிந்து தீராமல் நிலத்தை அடைவது விண்கல். அளவுக்கு மிஞ்சிய பாரமும் மெல்லிய கறுத்த தோலும் இருக்கும். அநேகமானவற்றைக் காந்தம் இழுக்கும். ஆனால் போர்முனையாக இருந்த காணியைத் திருத்தும்போது கறுத்த, பாரமான இரும்புத் துண்டு தட்டுப்பட்டால் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டாம். வெடிபொருளையும் காந்தம் இழுக்கும். மண்வெட்டியை அவ்விடத்திலேயே விட்டு, வந்த வழியே திரும்பி, பிள்ளைகளை அப்பக்கம் போகவிடாமல் தடுத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.