பிரேக்கைக் கழற்றலாமா?

பி.எம்.எக்ஸ். சைக்கிள் பழகும் என் மகன், "பெரிய ஆட்கள் பிரேக்கே வைப்பதில்லை" என்று அதைக் கழற்றப் பார்க்கிறான். விடலாமா?

வேண்டாம். தெருவில் வித்தை காட்டும் பலர் பிரேக் வைப்பதில்லை என்பது உண்மைதான். கைப்பிடியைச் சுழற்றும்போது கேபிள் சிக்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். காலணியைப் பின்சக்கரத்தில் அழுத்தி வண்டியை நிறுத்துகிறார்கள். டயர் ஈரமானால் அந்தப் பிடி நழுவிவிடும். சாலைப் போக்குவரத்தில் அது பெரும் ஆபத்து. 2008 முதல் ஒலிம்பிக்கில் உள்ள பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் பின்பிரேக் கட்டாயம். கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் கைப்பிடி சுழல, 'கைரோ' என்ற அமைப்பைப் பொருத்தலாம்.