புட்டியின் பின்பக்கம்

கீழப்பழுவூர்

அன்புள்ள வெண்ணிலா,

கிரைப் வாட்டர் இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா என்று கேட்டிருந்தாய். உன் அப்பாயி நாட்டு மருந்து என்று சாதிக்கிறார், உன் அப்பா சிரிக்கிறார் என்றும் எழுதியிருந்தாய். இரண்டு பேரும் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடு. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் கலந்தது அது. இன்று இங்கே மெடிக்கலில் வாங்கும் புட்டியைத் திருப்பினால் ஆயுர்வேத மருந்து என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சதகுப்பை எண்ணெய், ஆப்பசோடா, இனிப்பு. சதகுப்பை அரியலூரில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் பொட்டலமாகவே கிடைக்கும்.

பழைய புட்டியில் இன்னொன்றும் இருந்தது: 3.6 சதவீதம் ஆல்கஹால். அழுத பிள்ளை அடங்கியதில் சதகுப்பையின் பங்கு எவ்வளவு, சாராயத்தின் பங்கு எவ்வளவு என்று யார் கண்டார்கள்? பிரிட்டனில் 1990-களின் தொடக்கத்தில்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள்.

உட்வர்ட் ஒன்றும் பெரிய குற்றவாளி இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் மருந்து வியாபாரமே அப்படித்தான் நடந்தது. பேரையும் முத்திரையையும் பதிவு செய்துகொள்வார்கள், கலவையை மட்டும் மூடி வைப்பார்கள். 'பேடண்ட் மருந்து' என்று அழைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேடண்டே கிடையாது. பேடண்ட் வாங்கினால் செய்முறையை ஊரறியச் சொல்லியாக வேண்டுமே!

அந்த மருந்துகளில் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புள்ளது குளோரோடைன். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன், 1848-இல் காலராவுக்கென்று உண்டாக்கினார். அபின் சாறு, கஞ்சா சாறு, குளோரோஃபார்ம் மூன்றும் அதில் இருந்தன. பின்னால் லண்டன் வியாபாரி ஒருவர் உரிமையை வாங்கி விற்றார். ஃப்ரீமன் என்பவர் அதே பெயரில் போட்டிக்கு வர, 1864-இல் கோர்ட்டு வரை போனார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர்களின் மருந்துப் பெட்டியில் இது தவறாமல் இருக்கும்.

வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, இருமல், ஆஸ்துமா, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே புட்டியை விளம்பரம் செய்தார்கள். கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் பாதி உண்மை. அபினில் இருக்கும் மார்ஃபின் குடலின் அசைவை மந்தமாக்கும், அதனால் பேதி நிற்கும். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தையும் அது அடக்கும். வலி மறையும், தூக்கம் வரும். நான்கு நோய்க்கு நான்கு மருந்து கொடுக்கவில்லை. ஒரே போதை நான்கு இடத்தில் வேலை செய்தது. அந்தக் காலத்து விளம்பரங்களில் வயிறும் இருமலும் ஜோடியாகவே வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. 1898-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாகவே விற்றது, தெரியுமா?

காலராவில் மட்டும் குளோரோடைன் தோற்றது. காலராக்காரர் சாவது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுவதால். இழந்ததை அபின் திருப்பித் தராது. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய்வழி கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அந்தக் கலவையில் ரகசியம் எதுவும் இல்லை.

போதை இல்லாத மருந்துகளும் விற்றன. மலச்சிக்கலுக்கும் அஜீரணத்துக்கும் பீச்சம் மாத்திரை. ஒரு பெட்டி ஒரு கினி பெறும், அதாவது 21 ஷில்லிங் பெறும் என்று விளம்பரம். விற்ற விலை பதிமூன்றரை பென்ஸ். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளைப் பரிசோதித்து 1909-இல் ஒரு புத்தகமாகவே போட்டுவிட்டது. பீச்சம் பெட்டியில் இருந்த 56 மாத்திரையின் சரக்கு கரியபோளமும் இஞ்சியும் சோப்பும். அடக்கம் ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார், விலையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் ஏமாற்றினான், நம் ஆட்கள் தங்கம் என்று கிளம்பிவிடாதே. சென்னையில் இருந்த ஒயிட்லா எய்ன்ஸ்லி என்ற டாக்டர் வசம்பைப் பற்றி ஒரு அருமையான சேதி எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுக்கு அது அவ்வளவு அவசியமாம்; நடுராத்திரியில் கதவைத் தட்டி வசம்பு கேட்டுத் தராத கடைக்காரருக்கு அபராதமாம். அதே வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. எலிகளுக்கு அது புற்றுநோய் உண்டாக்கியதைப் பார்த்து அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பச்சைப் பிள்ளைக்கு உரைத்து ஊற்றாதே என்று குழந்தை டாக்டர்கள் சொல்வதை அப்பாயியிடம் மெதுவாகச் சொல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டோரம் குடியிருக்கிற நமக்கு இருமல் புதிதில்லை. அதற்கு நம்மவர்கள் காய்ச்சிய ஆடாதோடை இலையிலிருந்து, ஊட்டியில் சென்னை அரசாங்கத்தின் கொயினா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888-இல் வாசிசின் என்ற சத்தைப் பிரித்தார். அதை வைத்தே பிற்பாடு புரோம்ஹெக்ஸின் வந்தது, அதிலிருந்து ஆம்ப்ராக்சால் வந்தது. சளியை இளக்குவதற்கு இன்றைக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற மருந்துகள். கைமருந்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் சில வசம்பு போல ஆகும், சில ஆடாதோடை போல ஆகும்.

புட்டிக்குள் இருப்பதை மூடி மறைப்பதைத் தடுக்கச் சட்டங்களும் வந்தன. அமெரிக்கா 1906-இல் அபினையும் ஆல்கஹாலையும் லேபிளில் காட்டச் சொல்லிச் சட்டம் போட்டது. இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இல் இன்னொன்று. இனி எல்லாம் சரி என்று நினைக்கலாம். ஆனால் 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். லேபிளில் வழக்கமான சளி மருந்துகள்தான் எழுதியிருந்தன. நம் மாநில அதிகாரிகள் சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. ஆலைகளில் பயன்படும் கரைப்பான், சிறுநீரகத்தைக் கெடுப்பது. எழுதாமல் மறைத்தது அந்தக் காலம் என்றால், எழுதியது ஒன்று உள்ளே ஒன்று என்பது இந்தக் காலம். அந்தச் சரக்கைப் பிடிக்க உதவியது லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பேட்ச் எண்.

ஆகவே உனக்கு ஒரு வேலை. வீட்டு அலமாரியில் இருக்கிற சிரப் புட்டிகளை எல்லாம் எடுத்து, மருந்தின் பெயர்கள், தயாரித்த இடம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இவற்றை ஒரு நோட்டில் எழுது. தேதி முடிந்ததைத் தனியே வை. எந்த மருந்து எதற்கு என்று புரியாவிட்டால் அந்தப் பெயரை மட்டும் எனக்கு அனுப்பு, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா