டிரை ராக்: தொட்டிக்குள் இறக்குவதற்கு முன்

உப்புநீர் மீன்தொட்டி வைக்க முடிவெடுத்தவர்கள் விளக்குக்கும் பம்புக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிப்பார்கள். பாறையை மட்டும் கடைசியில் வாங்கி, குழாயடியில் ஓர் அலசு அலசி, தொட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். இன்னொரு சாரார் இதற்கு நேர்மாறு. எந்தப் பாறை வந்தாலும் முதலில் ப்ளீச், பிறகு ஆசிட் என்று சடங்குபோலச் செய்து முடிப்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறது: கையில் இருக்கும் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. டிரை ராக் எனப்படும் உலர்ந்த பாறையைத் தயார்செய்வது என்றால் ஊறவைத்து அளந்து பார்ப்பது, அளவு சொல்வதற்கேற்ப வேலை செய்வது, அதன்பின் பாக்டீரியா குடியேறக் காத்திருப்பது. இந்த மூன்றும் பிளாஸ்டிக் டிரம்மில் நடக்க வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குள் நடக்க விட்டால், சரிசெய்ய வேண்டிய ஒவ்வொன்றும் மீனோடும் பவளத்தோடும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியதாகிவிடும்.

பாறைக்கு இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்கலாம். உப்புநீர்த் தொட்டியில் பாறைதான் முதன்மையான ஃபில்டர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்வது அதன் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும்தான். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. கடல்நீரில் அம்மோனியாவை உண்டு வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்று முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்க்கப்பட்டது 2005-இல். அது கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தின் ஒரு தொட்டி. கடலிலிருந்து நேரே வரும் லைவ் ராக் இந்த உயிர்களைச் சுமந்தே வருகிறது. டிரை ராக்கில் அவை எதுவும் இல்லை. தொல்லை தரும் நண்டு, புழு, பாசி இல்லாமல் வருவது அதன் நன்மை என்றால், ஒன்றுமே இல்லாமல் வருவது அதன் குறை. தயாரிப்பு வேலையின் பின்பாதி முழுக்க இந்தக் குறையை நிரப்புவதற்குத்தான்.

எந்தக் கல்லை வாங்குவது என்பதில் நம் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல்லை, செத்த கல்தானே என்று எடுத்துவரத் தோன்றும். எடுக்கக் கூடாது. பாறைத்திட்டுகளை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; உயிரற்ற துண்டுக்கும் சட்டம் பொருந்தும். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளம் வெட்டப்பட்டது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துபோனதற்கு அந்த வெட்டு முக்கியக் காரணம். மீன் வளர்க்கும் ஆசைக்காக அந்தக் கரையில் கை வைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. நிலத்தில் வெட்டியெடுக்கப்பட்ட தொல்பவளச் சுண்ணாம்புக்கல்லும், செராமிக் அல்லது சிமென்ட்டில் வார்த்த செயற்கைப் பாறையும் கடைகளில் கிடைக்கின்றன. அவையே போதும். அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காலத்தில் கடலடியில் உருவானதுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் சிமென்ட் ஆலைக்குப் போகும் அந்தக் கல்லில் அடர்த்தி அதிகம், நுண்துளை குறைவு, களிமண்ணும் கலந்திருக்கலாம். தொட்டிக்கு வேண்டியது கையில் எடுத்தால், இவ்வளவு பெரிய கல் இவ்வளவு லேசா என்று தோன்ற வைக்கும் கல். கல்லின் மீது சில சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்கினால் அது கால்சியம் கார்பனேட். துருநிறக் கோடோ பச்சை படிந்த திட்டோ தெரிந்தால் இரும்பு, செம்பு இருக்கலாம் என்று ஒதுக்கிவிடுங்கள். செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் எமன். நூறு லிட்டர் தொட்டிக்கு 8 முதல் 12 கிலோ போதும். இதைவிட அதிகம் கேட்கும் பழைய கணக்கு கனமான லைவ் ராக்கை வைத்துப் போட்டது. துளை நிறைந்த கல்லுக்கு அவ்வளவு தேவையில்லை.

முதல் வேலை உலர்ந்த நிலையிலேயே தேய்ப்பது. கெட்டியான நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு குழியையும் தேய்த்து, பொடியைத் தட்டி, பிறகு ஹோஸ் பைப்பால் வேகமாகப் பீய்ச்சுங்கள். குழிகளுக்குள் சாம்பல்நிறச் சேறு அடைந்திருக்கும். பீய்ச்சிய தண்ணீர் தெளிந்து வரும்வரை விடக் கூடாது. கல்லை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். சுண்ணாம்பு வாசனை மட்டும் வந்தால் நல்லது. கருவாட்டு வீச்சமோ அழுகல் வாடையோ வந்தால் உள்ளே உயிர்ப்பொருள் மிச்சம் இருக்கிறது. இன்னொருவரின் பழைய தொட்டியிலிருந்து காய்ந்து வந்த பாறையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அத்தகைய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. சிலவகை ஸோவாந்திட் பவளங்களில் இருக்கும் பாலிடாக்ஸின் உலகின் கொடிய நஞ்சுகளில் ஒன்று. சூடு அதை அழித்துவிடாது, ஆவியோடு கலந்து மூச்சில் ஏறும். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 2012-க்கும் 2014-க்கும் இடையே வீடுகளிலும் மீன் கடைகளிலும் இந்தப் பவளங்களைக் கையாண்டவர்கள் இதனால் நோயுற்றதாகச் சந்தேகிக்கப்படும் நிகழ்வுகளை அந்நாட்டுச் சுகாதாரத் துறை பதிவு செய்திருக்கிறது. பழைய பாறையைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இதை மட்டும் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துக்கொண்டே தேயுங்கள், தூசி பறக்காது.

அடுத்தது ஊறவைத்து அளப்பது. பலரும் தாவிச் செல்லும் இந்தக் கட்டத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. கால்சியம் கார்பனேட்டுக்குப் பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும் குணம் உண்டு. வெளியே எவ்வளவு வெளுப்பாகத் தெரிந்தாலும் கல் அதைச் சுமந்திருக்கலாம்; தண்ணீரில் பாஸ்பேட் குறையும்போது கொஞ்சங்கொஞ்சமாக வெளியே விடும். தொட்டி வைத்து ஆறு மாதமாகியும் பச்சைப்பாசி அடங்கவில்லை, தண்ணீர் மாற்றிமாற்றிச் சலித்துப்போனேன் என்பவர்களின் தொல்லைக்கு இது ஒரு முக்கிய மூலம். எனவே கல் முழுக்க மூழ்கும் அளவுக்கு உப்புநீர் கலந்து, அடர்த்தி 1.025 வைத்து, நீரைச் சுழற்ற ஒரு பவர்ஹெட் பம்ப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். தண்ணீர் ஆர்ஓ, டிஐ வடிகட்டிகள் இரண்டும் கடந்து வந்ததாக, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுவதாக இருக்க வேண்டும். குடிப்பதற்காகச் சமையலறையில் மாட்டியிருக்கும் ஆர்ஓ இயந்திரத்து நீர் ஆகாது. அவற்றில் பலவும் சுவைக்காகக் குழாய்நீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்தோ தாது சேர்த்தோதான் கொடுக்கின்றன. போர் தண்ணீரில் நைட்ரேட்டும் சிலிகேட்டும் இருந்தால் நீங்கள் அளப்பது கல்லையா தண்ணீரையா என்றே தெரியாமல் போகும்.

அளக்கும்போது சொட்டு மருந்து கிட்டுகளில் வரும் வெளிர்நீலத்தை நம்பி முடிவெடுப்பது சிரமம். ஹன்னா செக்கர் போன்ற சிறு கருவி உதவும். அதில் பாஸ்பரஸ் அளவு பிபிபி கணக்கில் காட்டும் வகை இருந்தால், எண்ணை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். 65 என்று காட்டினால் சுமார் 0.2 பிபிஎம். கண்ணாடிக் குப்பியில் விரல்ரேகை பட்டிருந்தாலே எண் மாறும். துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ஆனால் முதல் எண்ணை வைத்துக் கல்லைத் தீர்மானிக்கக் கூடாது. டிரம்மில் தண்ணீர் குறைவு, கல் அதிகம். எண் இயல்பாகவே தூக்கலாக வரும். தண்ணீரை முழுதாக மாற்றிவிட்டு இன்னொரு வாரம் கழித்து அளந்தால் எவ்வளவு திரும்ப ஏறுகிறது என்பதுதான் செய்தி. இரண்டாவது முறை 0.1-க்குக் கீழே நின்றால் அந்தக் கல்லுக்கு எந்த ரசாயனமும் வேண்டாம். சுரங்கக் கல்லும் செயற்கைப் பாறையும் பெரும்பாலும் இங்கேயே தேறிவிடும்.

ப்ளீச் எப்போது என்றால், கல்லில் உயிர்ப்பொருள் மிச்சம் இருக்கும்போது மட்டும். அது அழுகலை எரிக்கும். கல்லோடு ஒட்டிய பாஸ்பேட்டைத் தொடாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ப்ளீச் போட்ட நிம்மதியில் பாஸ்பேட்டைத் தொட்டிக்குள் கொண்டுபோகிறார்கள். வாசனையோ சோப்போ கலக்காத திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்கி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். கரையாத வண்டல் துளைகளில் போய் அடையும். பிறகு அலசி, சோடியம் தயோசல்பேட் கலந்த நீரில் ஒரு நாள் வைத்து, நல்ல வெயிலில் வாடை சுத்தமாகப் போகும்வரை காயவிடுங்கள்.

ஆசிட் விஷயத்தில் என் கருத்து கறாரானது: பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு அது தேவையில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லின் மேல்தோலைக் கரைத்து, அதோடு ஒட்டிய பாஸ்பேட்டையும் கொண்டுபோகும் என்பது உண்மை. கூடவே நுண்துளையுள்ள மேற்பரப்பும் போகும். ஆழத்தில் இருப்பது அங்கேயே இருக்கும். கடையில் கழிவறைக்கு விற்கும் மஞ்சள்நிற ஆசிட்டில் இரும்பும் கலந்திருக்கும். அளவு விடாப்பிடியாக ஏறிக்கொண்டே இருக்கும் கல்லுக்கு வேறு வழியே இல்லை என்றால் மட்டும், திறந்த வெளியில், 20 பங்கு தண்ணீருக்குள் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றி, பொங்குவது அடங்கும்வரை சில நிமிடம் வைத்து, ஆப்பசோடா கரைசலில் முக்கி எடுங்கள். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது. ப்ளீச் ஈரம் காயாத கல்லில் ஆசிட் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி உயிருக்கே ஆபத்தாகும். இதைவிடப் பாதுகாப்பான வழி லாந்தனம் குளோரைடு. ஊறும் உப்புநீரில் சொட்டுச்சொட்டாக விட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்ணிற வண்டலாகப் படியும். வண்டலை இறுத்து, நீரை மாற்றி, மறுபடி அளக்கலாம். வாரங்கள் ஆகும், ஆனால் கல் கல்லாகவே இருக்கும். மீன் இருக்கும் தொட்டியில் இதை முயல வேண்டாம். டிரம்மில் வேலை பார்ப்பதன் அருமை இங்கே தெரியும்.

கல் தேறியதும் கட்டுமானத்தை முடித்துவிடுங்கள். பாக்டீரியா குடியேறிய பிறகு உடைப்பதும் உலர்த்துவதும் வீண். சூப்பர் க்ளூ ஜெல்லும் கல்பொடியும் சேர்த்துச் சிறு துண்டுகளை ஒட்டலாம். பெரிய இணைப்புக்கு சிமென்ட் போட்டால் பிஹெச் அடங்கும்வரை சில நாள் ஊறவிட வேண்டும். கண்ணாடியிலிருந்து நான்கு விரல்கடை தள்ளியே நிற்கட்டும்; காந்தத் துடைப்பான் போக இடம் வேண்டும். அடிக்கல் மணலின் மேல் அல்லாமல் தொட்டித் தரையில் நேராக நிற்கும்படி திட்டமிடுங்கள். குழி பறிக்கும் மீன் மணலைத் தோண்டினால் மொத்தமும் சரியும்.

இனி சைக்கிளிங், அதாவது பாக்டீரியாவைக் குடியேற்றும் கட்டம். புதிய உப்புநீர், நல்ல ஓட்டம், மூடி போட்ட இருட்டு. விளக்கு எரிந்தால் பாசிக்குத்தான் லாபம். பாக்டீரியாவுக்கு உணவாகப் பச்சை இறாலை அழுகவிடும் பழக்கம் உண்டு. அது நாம் இத்தனை நாள் வெளியேற்றிய பாஸ்பேட்டையே திரும்பக் கொண்டுவருகிறது. அம்மோனியம் குளோரைடு நல்லது. ஈயம் பூசும் நவச்சாரமும் அதுவேதான் என்றாலும் ஆய்வகத் தரமாகவே வாங்குங்கள். 100 லிட்டருக்கு சுமார் 0.6 கிராம் போட்டால் 2 பிபிஎம் அம்மோனியா வரும். பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்தால் நாள் குறையும். சேர்க்காவிட்டாலும் நான்கு முதல் எட்டு வாரத்தில் நடக்கும். சென்னை வெயிலில் ஹீட்டர் தேவையில்லை. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ 26 டிகிரிக்கு வைக்க வேண்டியிருக்கும். கரண்ட் போனால் நுண்ணுயிருக்கும் மூச்சு முட்டும் என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். 2 பிபிஎம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் பாறை தயார். உப்புநீரில் குளோரைடு நிறைய இருப்பதால் நைட்ரைட் நன்னீரில் தாக்குவதுபோல மீனைத் தாக்காது. ஆனால் அது மிச்சம் இருக்கும்போது நைட்ரேட் கிட் பல நேரம் பொய் சொல்லும்.

டிரை ராக் தொட்டிகளில் பழுப்புப் படலமும் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் கோழையும் அதிகம் வருகின்றன, லைவ் ராக்கில் அந்தத் தொல்லை இல்லை என்பது வலுவான ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. வெறும் பரப்பில் முதலில் வந்து பரவுவது எதுவோ அதுவே ஆளும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் டைனோ எளிதாக மேலோங்கும். அதனால்தான் நம் இலக்கு பாஸ்பேட் பூஜ்யம் அல்ல, 0.03-க்கும் 0.1-க்கும் இடையில் நிற்பது. இன்னொரு பரிகாரம், நம்பகமான பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு கைப்பிடி மணலையோ சட்டப்படி கிடைத்த சிறு பாறைத் துண்டையோ சைக்கிளிங் முடியும் தறுவாயில் டிரம்மில் போட்டு, பல்வேறு நுண்ணுயிர்களும் குடியேற வழிவிடுவது. தொல்லை தரும் உயிரும் கூடவே வரலாம் என்பது நியாயமான அச்சம். துண்டை இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

தொட்டிக்கு மாற்றும் நாளில் டிரம் தண்ணீரையும் சேர்த்துத் தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள். அடியில் வண்டலும் நைட்ரேட்டும் இருக்கும். பாறையைப் புதிய உப்புநீரில் முக்கி ஆட்டி, ஈரம் காயாமல் இறக்கி, அதன்பின் மணல் போடுங்கள். குழாய்நீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் இத்தனை வாரம் வளர்ந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். முதல் இரண்டு வாரம் விளக்கு நாளுக்கு நான்கைந்து மணி நேரம் போதும். கல்லில் பாசி மெலிதாகப் படரத் தொடங்கியதும் நத்தைகளை விடலாம். பாஸ்பேட்டை மட்டும் முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். எண் மெல்ல ஏறினால் உணவைக் குறைப்பதற்கு முன், கல் இன்னும் விடுகிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் உணவே போடாமல் இருந்தும் ஏறினால் அது கல்லிலிருந்து வருவதுதான்.