கணனியில் வரைந்த வீடும் நிலத்தில் எழும் வீடும்



இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் நமக்குக் கிடைத்த கூடாரத்தையும் தகரக் கொட்டிலையும் வேறு யாரோ அளந்து தந்தார்கள். சொந்த வளவுக்குத் திரும்பியபின் நிலைமை மாறியது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் அது உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையில் நடந்தது. புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. வீடு குறைந்தது 550 சதுர அடி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மன்னார் மாவட்டக் குடும்பங்களும் இவ்வாறு கட்டின. விலைவாசி ஏறியதாலும், நினைத்ததைவிடப் பெரிதாக அத்திவாரம் போட்டதாலும் கடன்பட்ட குடும்பங்கள் பல.

இன்று அந்த வீடுகளோடு ஓர் அறையைச் சேர்க்கவும், பிள்ளைக்குப் புதுவீடு கட்டவும் பலர் எண்ணுகிறார்கள். படம் கீறுவது பெரும்பாலும் வீட்டில் கணனி கற்ற பிள்ளைதான். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அழகான படம் எல்லாம் சரியான படம் அல்ல. படத்தில் வரும் பிழைகளை எவ்வாறு கண்டு திருத்துவது என்பதே இப்பாடம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

ஒரு தாயும் மகனும் அத்திவாரக் கிடங்கு வெட்டியபின் என்னிடம் வந்தார்கள். மகன் 22 அடிக்கு 25 அடி வீடு, அதாவது 550 சதுர அடி வரைந்திருந்தான். கிடங்கோ 24 அடிக்கு 27 அடி 3 அங்குலமாக இருந்தது. மேசன் தவறு செய்தாரா? இல்லை. ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் அவர் தாளை அடிமட்டத்தால் அளந்தார். ஆனால் கணனி படத்தைத் தாளுக்கு ஏற்றவாறு பெருப்பித்து அச்சிட்டிருந்தது. ஐந்தரை அங்குலமாக இருக்க வேண்டிய கோடு தாளில் ஆறு அங்குலமாக நின்றது. அந்த அரை அங்குலம் நிலத்தில் 104 சதுர அடி ஆயிற்று! அது ஓர் அறையின் அளவு. வீட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கல் வைக்கு முன் கண்டதால் கிடங்கை மூடி மீண்டும் வெட்டினார்கள். கல் வைத்தபின் கண்டிருந்தால் அந்தத் தாய் யாரிடம் கடன் கேட்டிருப்பார்?

அடிக்கடி வரும் பிழைகளும் திருத்தமும்

வீடு வரையும் மென்பொருள்கள் பல உள்ளன. இங்கு ‘சுவீற் ஹோம் த்ரீடி’ என்பதை உதாரணமாக எடுப்போம். 2006இல் வெளிவந்த இது இலவசமானது. பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மற்ற மென்பொருள்களிலும் இதே பிழைகள் வரும்.

1. அளவு அலகு மாறுதல். வீடு மைதானம்போலப் பெரிதாகவோ தீப்பெட்டிபோலச் சிறிதாகவோ தெரிந்தால் முதலில் அலகைப் பாருங்கள். மீற்றரில் 20 என்று கொடுத்தால் அது 65 அடிக்கு மேல். வரையத் தொடங்கு முன்பே ‘பிரிபரன்சஸ்’ பகுதியில் அடி–அங்குலத்தைத் தெரிவு செய்யுங்கள். ஓர் அடி 30.48 சென்ரிமீற்றர். அதனை 30 என்று சுருக்கினால், 30 அடிச் சுவரில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் அங்குலம் பிழைக்கும்.

2. கைப்படத்தின் அளவு பிழைத்தல். தாளில் கீறிய படத்தைப் புகைப்படம் எடுத்து, அதன்மேல் சுவர்களை வரையலாம். அப்போது படத்தில் தெரிந்த ஒரு நீளத்தைக் காட்டி, அது எத்தனை அடி என்று கணனிக்குச் சொல்ல வேண்டும். இதற்குக் கதவு போன்ற சிறு நீளத்தை எடுக்காதீர்கள். வீட்டின் மிக நீளமான சுவரை எடுங்கள். சிறு நீளத்தில் வரும் சிறு தவறு வீடு முழுவதும் பெருகும். புகைப்படத்தைச் சரிவாக எடுத்தாலும் மூலைகள் கோணலாகும்.

3. சுவர்கள் சேராமை. அறைக்குள் இரண்டு முறை சொடுக்கியும் தரை நிரம்பவில்லையா? எங்கோ ஒரு மூலை திறந்திருக்கிறது. வரம்பில் சிறு உடைப்பு இருந்தால் வயலில் தண்ணீர் நிற்குமா? அதுபோலத்தான். படத்தைப் பெருப்பித்து ஒவ்வொரு மூலையையும் பாருங்கள். சேராத சுவரை அழித்து, பக்கத்துச் சுவரின் நுனியிலிருந்தே மீண்டும் வரையுங்கள்.

4. சுவரின் தடிப்பு. கணனி தானாகக் கொடுக்கும் சுவர் சுமார் 3 அங்குலத் தடிப்பே. நாம் வைப்பது 6 அங்குலச் சீமெந்துக் கல். இருபுறப் பூச்சுடன் 7 அங்குலம். தடிப்பைத் திருத்தாவிட்டால் கட்டியபின் ஒவ்வொரு அறையும் சுருங்கும். கட்டில் வைக்கும்போதுதான் தெரியவரும். இன்னொன்றையும் கவனியுங்கள். 22க்கு 25 அடி வீடு வெளிப்புற அளவில் 550 சதுர அடி. வெளிச்சுவர்களைக் கழித்தால் உள்ளே ஏறக்குறைய 496 சதுர அடியே மிஞ்சும். கணனி அறைக்குள் காட்டுவது உள்ளளவு. உதவி வழங்குவோர் எந்த அளவைக் கேட்கிறார்கள் என்பதை முதலே அறிந்துகொள்ளுங்கள்.

5. கதவும் யன்னலும். முப்பரிமாணப் படத்தில் கதவு தெரிந்தும் சுவரில் வாசல் திறக்கவில்லையென்றால், கதவு சுவருக்குள் சரியாக அமரவில்லை. அதனை இழுத்துச் சுவரின்மேல் விடுங்கள். கடையில் வாங்கப்போகும் நிலையின் உண்மை அளவையே கொடுங்கள்.

6. முப்பரிமாணப் படம் கறுப்பாக இருத்தல். இது பழைய கணனிகளில் வரும். படக்காட்சிக்குரிய துணை மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். சரிவராவிட்டால் கவலை வேண்டாம். மேசனுக்குத் தேவை தரைப்படமும் அளவுகளுமே.

7. அச்சிடும்போது அளவு மாறுதல். அந்தத் தாயும் மகனும் பட்ட துன்பம் இதுதான். பக்க அமைப்பில் 1/48 என்று அளவுத்திட்டத்தை நீங்களே கொடுங்கள். அப்போது ஓர் அடி கால் அங்குலமாக வரும். அச்சிட்டவுடன் 22 அடிச் சுவரை அடிமட்டத்தால் அளவுங்கள். ஐந்தரை அங்குலம் இருக்க வேண்டும். எல்லாச் சுவருக்கும் நீளத்தை இலக்கத்தில் எழுதுங்கள். “தாளை அளக்க வேண்டாம், இலக்கத்தைப் பாருங்கள்” என்று மேசனிடமும் சொல்லுங்கள்.

கணனி அறியாதவை

கணனிக்கு எல்லா நிலமும் மேசைபோலச் சமதரை. நம் நிலம் அப்படியல்ல. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். மன்னார்த் தீவில் மணல். அத்திவாரத்தின் ஆழத்தையும் தரையின் உயரத்தையும் இந்தப் படம் சொல்லாது. கடந்த மாரிகளில் வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று அயலவர்களிடம் கேளுங்கள். தொழினுட்ப உத்தியோகத்தரை வளவுக்கே அழைத்துக் காட்டுங்கள்.

காற்றையும் கணனி அறியாது. தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகளை நிறுவியது சோளகக் காற்றின் பலத்தை நம்பித்தானே! குசினிப் புகை வீட்டுக்குள் வராதபடியும், சோளகம் கூரையைத் தூக்காதபடியும் திசை பார்த்து அமையுங்கள். படத்தில் வடக்கைக் காட்டும் திசைகாட்டி உண்டு. அதனை உங்கள் வளவுக்கு ஏற்பத் திருப்புங்கள்.

திரையில் மூலைகள் எப்போதும் நேராகத் தெரியும். நிலத்தில் அப்படி வருவதில்லை. முளையடித்துக் கயிறு கட்டியபின் இரு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். 22க்கு 25 அடி வீட்டில் இரண்டும் 33 அடி மூன்றரை அங்குலமளவில் சமமாக இருக்க வேண்டும். சமமில்லாவிட்டால் கிடங்கு வெட்டாதீர்கள்.

முடிவாக

திரையில் ஒரு சுவரை அழிக்க ஒரு நொடி போதும், செலவு எதுவுமில்லை. கயிற்றை மாற்ற அரை மணித்தியாலம் ஆகும். கிடங்கை மாற்ற நாட்கூலி போகும். கல் வைத்த சுவரை மாற்ற ஒரு போகத்தின் வருமானமே போகலாம். ஆகவே பிழையை எவ்வளவு முந்திப் பிடிக்கின்றோமோ அவ்வளவுக்குக் குடும்பம் தப்பும். படம் கீறுவது பிள்ளையாக இருக்கட்டும். ஆனால் அளவு நாடாவின் மறுமுனையைத் தாயும் தந்தையும் பிடிக்கட்டும். பல ஆண்டுகள் பிறர் அளந்த கூரையின்கீழ் வாழ்ந்த நாம், நம் வீட்டை நாமே அளப்போம்.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் வீட்டின் வெளியளவு என்ன, உள்ளளவு என்ன? நாடாவால் அளந்து, வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

2. உங்கள் கிராமத்தில் பாதியில் நிற்கும் வீடுகள் உண்டா? பணம் எந்தக் கட்டத்தில் முடிந்தது? அதற்குக் காரணம் என்ன?

3. கணனி கற்ற இளையோரும் அனுபவமுள்ள மேசன்மாரும் ஒன்றாக அமர்ந்து படம் பார்க்க, உங்கள் ஊரில் என்ன ஒழுங்கு செய்யலாம்?