கொடும்பாளூருக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிரின் வரலாற்றை எழுதப்போவதாகவும், அவ்வூர் மூவர் கோயிலின் வடமொழிக் கல்வெட்டிலிருந்து தொடங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால், அங்கே தொடங்காதே. முதலில் ஊரைப் பார்.

கொடும்பாளூர் கோனாட்டில், உறத்தூர்க் கூற்றத்தில் இருந்த ஊர். கோனாட்டுக்குத் தெற்கே வெள்ளாறு. வடக்கே சோழர், தெற்கே பாண்டியர். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. கோவலனும் கண்ணகியும் நடந்த பாதையிலும் இது கொடும்பை என்ற பெயரில் வருகிறது. படை நடத்தும் எந்த அரசனுக்கும் இந்த ஊர்க்காரனின் தயவு வேண்டும். இருக்குவேளிர் குடியின் எழுச்சிக்கு இந்த இருப்பிடத்தைவிடப் பெரிய காரணத்தை நான் இதுவரை காணவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கல்வெட்டுக்குப் போ. நடுக்கோயிலின் சுவரில், கிரந்த எழுத்தில் இருக்கிறது. தொடக்கம் சிதைந்துவிட்டது, வம்சத்தின் முதல் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு வருபவர்களில் ஒருவன் வாதாபியை வென்றான் என்கிறது. அவர்களில் சமராபிராமன் என்பவனை யதுவம்சத்தின் கொடி என்கிறது. அவன் அனுபமா என்ற சோழ இளவரசியை மணந்ததையும் சொல்கிறது. அவள் மகன்தான் கோயிலை எடுப்பித்த பூதி விக்கிரமகேசரி. தன் பேரிலும் மனைவியர் இருவர் பேரிலும் மூன்று கோயில்கள் எடுத்தான். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடமும் கொடுத்தான்.

யதுவம்சம் என்றதும் புறநானூற்று இருங்கோவேளையும் அவன் முன்னோர் ஆண்ட துவரையையும் கொண்டுவந்து முடிச்சுப் போட உனக்குக் கை துறுதுறுக்கும். கபிலர் பாரி மகளிரை அழைத்துப் போனது இந்த இருங்கோவேளிடமும்தான். ஆனால், இடையில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. பட்டம் ஒன்றாக இருப்பதால் இரத்தமும் ஒன்றாகிவிடாது. பிற்காலத்தவர் பழைய பெருமையை உரிமை கொண்டாடினார்கள் என்ற அளவில் எழுது. அதற்குச் சான்று இருக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது தமிழ்க் கல்வெட்டுகளின் பட்டங்கள். ஒருவர் 'தென்னவன் இளங்கோவேளார்'. இன்னொருவர் 'செம்பியன் இருக்குவேள்'. ஒன்று பாண்டியன் பக்கம் பார்க்கிறது, மற்றது சோழன் பக்கம். விக்கிரமகேசரியின் பிள்ளைகள் பெயரைப் பார்: பராந்தகன், ஆதித்தன்; இரண்டும் சோழப் பெயர்கள். இரண்டு பேரரசுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு குடும்பம் யாரை அண்டி நின்றது என்பதை, எந்தப் புகழுரையும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

கால விஷயத்தில் அவசரப்படாதே. விக்கிரமகேசரி வென்றதாகச் சொல்லப்படும் வீரபாண்டியன் யார் என்பதைப் பொறுத்து, அவனை முதலாம் ஆதித்தன் காலத்திலும் வைக்கிறார்கள், சுந்தர சோழன் காலத்திலும் வைக்கிறார்கள். இடையே பல பத்தாண்டுகள். இரு தரப்பு வாதத்தையும் முழுதாகப் படி. கல்வெட்டின் எழுத்தமைதியை நீயே மைப்படியில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பேசு.

அதே ஊரில் உள்ள முசுகுந்தேசுவரர் கோயிலையும் விட்டுவிடாதே. அங்குள்ள கல்வெட்டுகளில் வரும் பெயர், பட்டம், ஊர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்து அனுப்பு. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்