செயினைத் தடம் புரட்டும் கருவி

மலைச் சைக்கிள் ஒன்றை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டுச் சைக்கிளில் பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் ஒன்றே ஒன்றுதான். மலைச் சைக்கிள்களில், குறிப்பாகச் சற்றுப் பழையவற்றில், மூன்று சக்கரங்கள் அடுத்தடுத்து இருக்கும். பெரியதற்கு 44 பற்கள், நடுவில் உள்ளதற்கு 32, சிறியதற்கு 22 என்பது பலவற்றில் காணப்படும் கணக்கு. பின்னாலும் 11 பல் முதல் 34 பல் வரை ஓர் அடுக்கு உண்டு.

எதற்காக இத்தனை? முன்னால் 22 பல் சக்கரத்திலும் பின்னால் 34 பல் சக்கரத்திலும் செயினைப் போடுவோம். பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் 22/34, அதாவது சுமார் 0.65 சுற்றுதான் சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே சைக்கிள் 1.3 மீட்டர் நகரும். அதே செயினை முன்னால் 44, பின்னால் 11 என்று மாற்றினால் ஒரு சுற்றுக்கு 8 மீட்டர் பாயும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை என்று படித்திருக்கிறீர்கள். ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் போனால் காலுக்குக் குறைந்த விசை போதும். செங்குத்தான மேட்டில் இந்த வேறுபாடுதான், ஏறிப் போவதா இறங்கித் தள்ளுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மாரின் வட்டாரத்து டமால்பைஸ் மலைச் சரிவுகளில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கி விளையாடினார்கள். 1976இல் 'ரீபேக்' என்ற பந்தயமே நடத்தினார்கள். இறங்குவது எளிது, ஏறுவதற்குச் சைக்கிளைத் தள்ள வேண்டும், அல்லது லாரியில் ஏற்ற வேண்டும். அந்தச் சைக்கிள்களில் கியர்களைப் பொருத்திய பிறகே மலையில் ஏறவும் உதவும் வாகனம் பிறந்தது.

செயினை ஒரு முன் சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு முன் டீரெய்லர் என்று பெயர். பிரெஞ்சுச் சொல். தடம் புரளச் செய்வது என்று பொருள். ரயில் தடம் புரண்டால் விபத்து. இங்கே நாமே வேண்டுமென்று புரட்டுகிறோம்! இரண்டு தகடுகளாலான ஒரு சிறு கூண்டு, அதன் நடுவே ஓடும் செயின், கூண்டை இழுக்கும் கேபிள், திருப்பி அனுப்பும் ஸ்பிரிங் ஆகியவை சேர்ந்ததுதான் இக்கருவி.

இவ்வளவு எளிய கருவியைக் கடையில் வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். இக்கட்டுரையை எழுதுபவனும் அப்படித்தான் நினைத்தான். ஒரு பழைய பிரேமுக்குப் பளபளப்பான டீரெய்லர் ஒன்றை வாங்கினேன். குழாயில் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு பார்த்தால், அதன் கேபிள் மேலிருந்து வர வேண்டும். என் பிரேமிலோ கேபிள் கீழிருந்து வருகிறது. பிரித்த பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்கவில்லை. அவர் மேல் குற்றமில்லை, பிரேமைப் பார்க்காமல் போனது நான்தான்.

ஆகவே முதலில் கேபிளின் வழியைக் கவனியுங்கள். சில பிரேம்களில் அது மேல் குழாயை ஒட்டி வந்து, சீட் குழாய் வழியே கீழே இறங்கும். அப்போது கேபிள் மேல்நோக்கி இழுக்கும். வேறு சிலவற்றில் சாய்ந்த கீழ்க் குழாயின் அடியில் ஓடி, பெடல் அச்சு சுழலும் உருளையின் கீழ் வளைந்து மேலே வரும். அதன் இழுப்பு கீழ்நோக்கியது. இரு வழிக்கும் ஏற்ற டீரெய்லர்களும் உண்டு. ஐயமிருந்தால் அதையே கேட்டு வாங்கலாம். தவறாக வாங்கிவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. சீட் குழாயில் ஒரு சிறு கப்பியைப் பொருத்தி, மேலிருந்து வரும் கேபிளை அதைச் சுற்றி விட்டால் இழுப்பின் திசை மாறிவிடும். நிலையான கப்பி விசையின் அளவை மாற்றாது, திசையை மட்டும் மாற்றும் என்ற பாடம் இங்கே பயன்படுகிறது.

அடுத்தது குழாயின் பருமன். பெரும்பாலான டீரெய்லர்கள் சீட் குழாயைக் கவ்வும் கிளாம்ப் உடையவை. குழாய்களில் வழக்கமான வெளிவிட்டங்கள் மூன்று: 28.6, 31.8, 34.9 மில்லிமீட்டர். இவை என்ன விசித்திர எண்கள் என்கிறீர்களா? அங்குலத்தில் சொன்னால் ஒன்றே அரைக்கால், ஒன்றேகால், ஒன்றேகாலே அரைக்கால், அதாவது 1 1/8, 1 1/4, 1 3/8 அங்குலம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவி இருந்தால் நேராக அளந்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றி இறுக்கி, முனை சந்திக்கும் இடத்தில் குறியிட்டு, விரித்து அளவுகோலில் வையுங்கள். விட்டத்தைப் பையால் பெருக்கிப் பாருங்கள்: முறையே 90, 100, 110 மில்லிமீட்டர் வரும். 9 சென்டிமீட்டரா, 10ஆ, 11ஆ என்று பார்த்தால் போதும், தவறவே முடியாது. பெரிய கிளாம்பை உள்ளே உலோக வளையத் துண்டு வைத்துச் சிறிய குழாயில் பொருத்தலாம். சிறியதைப் பெரிய குழாயில் மாட்ட வழியில்லை.

குழாய் வட்டமாக இல்லாத பிரேம்களில் கிளாம்ப் பயன்படாது. அவற்றில் திருகு துளைகளோ, அச்சு உருளையோடு சேர்த்து இறுக்கும் தகடோ இருக்கும். அதற்கேற்ற வகையைத்தான் வாங்க வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த பிரேம்களில் கிளாம்ப் உட்காரும் உயரத்தில் வேறு பாகம் குறுக்கிடுகிறதா என்றும் பாருங்கள்.

இனிப் பற்களின் கணக்கு. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடைவெளி அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். ஒரு பல் கூடினால் சுற்றளவு அவ்வளவு கூடும். ஆரம் 2 மில்லிமீட்டர் கூடும். 44க்கும் 22க்கும் வேறுபாடு 22 பற்கள். எனவே செயின் பெரிய சக்கரத்திலிருந்து சிறியதற்கு இறங்கும்போது சுமார் 44 மில்லிமீட்டர் தாழ்கிறது. கூண்டின் வால் அந்த அளவுக்கு நீளமாக இல்லாவிட்டால் செயின் கூண்டின் அடிப்பகுதியில் உராயும். டீரெய்லர் விவரத்தில் 'கொள்ளளவு 22 பல்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

வெளித்தகட்டின் வளைவும் பெரிய சக்கரத்தின் வளைவை ஒத்திருக்க வேண்டும். 48 பல்லுக்கு வளைத்த தகட்டை 42 பல் சக்கரத்தின் மேல் வைத்தால் ஓரிடத்தில் நெருங்கும், மற்றோரிடத்தில் விலகும். செயின் தயங்கித் தயங்கி ஏறும். பொருத்தும்போது பல் நுனிக்கும் தகட்டுக்கும் 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம்.

கைப்பிடியில் உள்ள லிவரையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் அது இழுக்கும் கேபிளின் நீளம், டீரெய்லர் எதிர்பார்க்கும் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும். சாலைப் பந்தய லிவரையும் மலை டீரெய்லரையும் சேர்த்தால் செயின் பெரும்பாலும் பாதி வழியில் நிற்கும். கிளிக் இல்லாத பழைய வகை லிவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கையே அளவைத் தீர்மானிக்கிறது.

சில புதிய பிரேம்களில் முன் டீரெய்லருக்கு இடமே விடப்படுவதில்லை. 2012இல் ஸ்ராம் நிறுவனம் முன்னால் ஒரே சக்கரம், பின்னால் 11 சக்கரங்கள் கொண்ட மலைச் சைக்கிள் அமைப்பை வெளியிட்டது. 2016இல் பின்னால் 10 பல் முதல் 50 பல் வரை 12 சக்கரங்கள் வந்தன. அதில் மிக உயர்ந்த கியர் மிகத் தாழ்ந்த கியரைப்போல் 5 மடங்கு. நம் பழைய மூன்று சக்கர அமைப்பில் அது என்ன? 4ஐ 0.65ஆல் வகுத்துப் பாருங்கள்: 6 மடங்குக்கும் மேல்.