வாயில் குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள்

தகரமும் நகரமும் எங்கே பிறக்கின்றன என்று நம் பள்ளி மாணவரைக் கேட்டால், நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும்போது என்று விடை கூறுவர். தொல்காப்பியர் அவ்விடத்தை அண்பல் என்பார். வகரம் பிறப்பதற்கோ மேற்பல்லும் கீழிதழும் சேர வேண்டும். எம் வகுப்பில் ஏழு வயது மாணவி ஒருத்தி ஒரு சனிக்கிழமை 'வணக்கம்' சொல்ல முயன்று, காற்றை மட்டுமே ஊதினாள். சிதைந்துபோன மேல் முன்பற்கள் நான்கையும் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கியிருந்தனர். அவளுடைய தாயார் மருந்துக்கடையில் வாங்கிய சிறு பெட்டியொன்றை எம்மிடம் காட்டி, "இதில் நல்ல கிருமி இருக்குதாம், ரீச்சர். தம்பிக்கு இதைக் கொடுத்தால் அவனுடைய பல்லாவது தப்புமா?" என்று கேட்டார். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகின்றோம்.

வாயில் உயிர்கள் வாழ்கின்றன என்பதை உலகுக்கு அறிவித்தவர் ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் அன்ரனி வான் லீவன்ஹூக். தம் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெண்ணிறப் பசையைத் தாமே செய்த உருப்பெருக்கியினால் நோக்கி, அதனுள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் நீந்திக் களிப்பதை 1683இல் இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதமாக எழுதினார். இன்று மனித வாய்களில் ஏறத்தாழ 700 இன நுண்ணுயிர்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. இடத்தை நிறைத்துக்கொண்டு, தீயவை குடியேறாமல் தடுப்பனவும் உள.

தீயவற்றுள் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். நாம் உண்ணும் சீனியை அது இரு வழிகளிற் பயன்படுத்துகின்றது. ஒரு பகுதியைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கின்றது. மற்றதை அமிலமாக மாற்றுகின்றது. வாயின் காரகாடித்தன்மை ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் மறுபடியும் ஒரு மிடறு பழச்சாறு குடித்தால்? கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒரேயடியாக உண்ணும் இலட்டைவிட, நாள் முழுதும் உறிஞ்சும் இனிப்புப் பானம் பல்லுக்குப் பெரும் பகையாவது இதனாலேயே.

இத்தகைய வாயில் நல்ல நுண்ணுயிர்களைக் குடியேற்றலாமா? தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் உடலுக்கு நன்மை தரும் என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பியவர் 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப். அவர் எண்ணியது குடலைப் பற்றியே. பல்லைப் பற்றிய ஆய்வுகள் மிகப் பிந்தியவை. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரப் பகற்பராமரிப்பு நிலையங்களில் 594 சிறார்க்கு ஏழு மாதங்கள் பால் கொடுக்கப்பட்டது. ஒரு சாரார்க்கு வழங்கிய பாலில் லாக்டோபசிலஸ் ஜீஜீ என்னும் நுண்ணுயிர் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களிடையே, குறிப்பாக மூன்று நான்கு வயதினரிடையே, பற்சிதைவு சற்றுக் குறைந்திருந்தமை 2001இல் வெளியாயிற்று. இந்நுண்ணுயிர் சாதாரணச் சீனியை அமிலமாக்காதது என்பதும் கருதத்தக்கது.

நாம் வாழும் நியூசிலாந்துக்கும் இதிற் பங்குண்டு. டனீடின் நகரின் ஒட்டாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ராக், சிறு வயதில் வாதக் காய்ச்சலுக்கு ஆளானவர். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து இதயத்தைத் தாக்கக்கூடிய அந்நோய் மீளாதிருக்க ஆண்டுக்கணக்கிற் பெனிசிலின் விழுங்கியவர். தொண்டைக் கிருமிகளைத் தடுக்கும் இயற்கைக் காவலர் வாயிலேயே இருக்கலாமே என்று தேடத் தொடங்கி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாலிவாரியஸ் என்னும் சாதுவான இனத்தின் கே12, எம்18 என்ற வகைகளைக் கண்டறிந்தார். அவற்றுள் எம்18 பற்களுக்கு உகந்ததாகக் கருதப்படுகின்றது. தீய கிருமிகளின் பசையைச் சிதைக்கும் நொதியமும், உமிழ்நீரிலுள்ள யூரியாவிலிருந்து அமிலத்தைத் தணிக்கும் அமோனியாவைப் பிரிக்கும் நொதியமும் அதனிடம் உள்ளன. 2013இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் அதனை உட்கொண்ட சிறாரின் பற்படலம் குறைந்திருந்தது. ஆனால் பற்படலம் குறைவது வேறு, சூத்தை விழாமல் நிற்பது வேறு. பின்னதை அந்த ஆய்வு நிறுவவில்லை.

முரசு நோயிலும் (ஈறு என்பாரும் உளர்) இதே நிலைதான். பல் மருத்துவர் காறையைச் சுரண்டி நீக்கிய பின்னர் லாக்டோபசிலஸ் ரியூட்டரி அடங்கிய மாத்திரைகளை உறிஞ்சியோரிடம் இரத்தம் கசிதல் குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறும். வேறு சில குறிப்பிடத்தக்க பயனைக் காணவில்லை. காறையை அகற்றாது மாத்திரையை மட்டும் நம்புவதற்கு எவ்வகை ஆதாரமும் இல்லை.

எனவே அத்தாயாருக்கு நாம் சொன்னது இது. பெட்டியை வீச வேண்டாம். பல் மருத்துவரின் யோசனையுடன், இரவு பல் துலக்கிய பின் வாயில் மெல்லக் கரையவிட்டாற் சிறிது உதவக்கூடும். நிறுத்தினால் அக்குடிகள் நெடுநாள் தங்குவதில்லை என்பதையும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் மருத்துவரைக் கேளாது தொடலாகாது என்பதையும் கூறினோம். வீட்டுத் தயிர் சீனி கலவாதவரை நன்று. கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பானங்கள் பலவற்றிற் சீனி மிகுதி, நல்ல கிருமியோடு தீயதற்கும் விருந்து! தம்பியின் பற்களைக் காக்க முதலில் வேண்டியவை இவை: புளோரைட்டுப் பற்பசையால் இருவேளை துலக்குதல், படுக்கையிற் பழச்சாற்றுப் போத்தலை நிறுத்துதல், பதினெட்டு வயது வரை இந்நாட்டில் இலவசமாகக் கிடைக்கும் பல் பரிசோதனையைத் தவறவிடாதிருத்தல்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரீச்சர், திருக்குறள் ஒப்புவித்தால் நீங்கள் ரொபி கொடுக்கிறீர்களே?" என்றார். நமக்கு நாணமாயிற்று. அடுத்த வாரமே பரிசுப் பெட்டியில் ரொபிகளுக்குப் பதிலாகப் பென்சில்களும் ஒட்டுப்படங்களும் இடம்பெற்றன. மாணவர் சிலர் இன்னமும் முறையிடுகின்றனர். அச்சிறுமிக்குப் புதிய முன்பற்கள் முளைத்துவிட்டன. இவ்விழாவில் வரவேற்புரை கூறுபவள் அவளே.